தம்பிக்கு ஐ-130 போட்டால் பத்து வருடத்தில் வந்துவிடலாமா?

வாசகர் கேள்வி, 8 ஜனவரி 2023

போன மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் சேர்த்து ஒரே ஐ-130 (உறவினரைக் கிரீன் கார்டில் கூட்டிவரப் போடும் மனு) போட்டால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். தம்பிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஆறு வயதில் பையன். பத்து வருடத்தில் எல்லோரும் வந்துவிடலாம், பையன் இங்கேயே ஹைஸ்கூல் முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சரிதானே?

8 ஜனவரி 2023

சரியில்லை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று மூன்று ஐ-130 வேண்டும். தம்பி மனைவியும் பையனும் மட்டும்தான் தம்பியின் மனுவோடு ஒட்டிக்கொண்டு வரலாம். பெற்றோர் மனுவில் யாரும் ஒட்ட முடியாது. அம்மாவை அப்பாவின் மனுவோடு சேர்த்து அனுப்பவும் கூடாது.

பெற்றோருக்கு வருடாந்திர எண்ணிக்கை வரம்பு கிடையாது. காகிதம் நகரும் நேரம்தான். அது ஒன்றரை வருடம் பக்கம் ஆகலாம். தம்பி கதை வேறு. அவர் எஃப்4, அதாவது குடிமக்களின் உடன்பிறந்தோருக்கான பிரிவு.

பத்து வருடக் கணக்கை முதலில் அழித்துவிடுங்கள்.

9 ஜனவரி 2023

கணக்கு எப்படி என்று கேட்டிருந்தீர்கள். 1990-ல் திருத்திய சட்டப்படி, அமெரிக்கக் குடிமக்களின் அண்ணன் தம்பி அக்கா தங்கைகளுக்கு உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு 65,000 விசா. இதில் மனைவி, கணவர், பிள்ளைகளும் அடக்கம். அதாவது உங்கள் தம்பி ஒருவர் வந்தால் மூன்று எண் செலவாகும். இது போதாதென்று எந்த ஒரு நாட்டுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. வரிசையில் நிற்பவர்களோ உலக அளவில் இருபது லட்சத்துக்கும் மேல்.

இந்தியர்களுக்கு எஃப்4 இப்போது, 2023 ஜனவரியில், 2005-ல் நிற்கிறது. 2005-ல் மனு போட்டவர்கள் இன்று உள்ளே வருகிறார்கள். பதினேழு, பதினெட்டு வருடம். இது அன்று நின்றவர்களின் காத்திருப்பு. இன்று நிற்பவர் அதைவிடக் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும், ஏனென்றால் முன்னால் நிற்கும் கூட்டம் பெரிது. உங்கள் தம்பி பையனுக்கு அப்போது 24, 25 ஆகியிருக்கும். ஹைஸ்கூலை விடுங்கள், அவனுக்கே கல்யாணம் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

15 ஜனவரி 2023

"எங்கள் சித்தப்பா பதினொரு வருடத்தில் வந்தாரே" என்று ஒருவர். வந்திருப்பார். 2010, 2012 வாக்கில் வந்தவர்கள் அந்த அளவுதான் காத்திருந்தார்கள். "பத்து வருடம்" என்ற பேச்சு அந்தக் காலத்தில் புழங்கியது. வரிசை நீண்டுவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. ஏஜெண்டுகளுக்கும் அது வசதி.

15 ஜனவரி 2023, மாலை

அப்படியானால் போடவே வேண்டாமா என்றால், போடுங்கள். இன்றே போடுங்கள். மனு போட்ட தேதிதான் பிரையாரிட்டி தேதி, அதாவது வரிசையில் உங்கள் இடம், அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும் சொத்து. கட்டணம் இப்போது, 2023 ஜனவரியில், 535 டாலர். நான் சொல்வது, அதை நம்பித் தம்பி வேலையை விடுவது, வீடு கட்டாமல் இருப்பது, பையனின் படிப்பை அதற்கேற்ப வளைப்பது எதுவும் வேண்டாம் என்பது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்டில் 400-வது இடத்தில் டிக்கெட் இருப்பவர் அதற்காகப் பிளாட்பாரத்திலேயே குடித்தனம் நடத்தமாட்டார் அல்லவா.

நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2005 கடைசியில் என் அக்காவுக்கு இதே மனுவை நான் போட்டேன். அது இன்னும் வந்து சேரவில்லை. விவரம் அப்புறம்.

19 பிப்ரவரி 2023

பிப்ரவரி 14 அன்று யு.எஸ்.சி.ஐ.எஸ். (அமெரிக்கக் குடியுரிமை, குடியேற்றத் துறை) ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பிள்ளைகளின் வயதை இனி எந்த அட்டவணைப்படி பார்ப்பார்கள் என்பதைப் பற்றியது. நிறையப் பேர் குதிக்கிறார்கள். குதிக்கும் முன் இதைப் படியுங்கள்.

21 வயது ஆனால் பிள்ளை "பிள்ளை" அல்ல, பெற்றோரின் மனுவிலிருந்து கழன்றுவிடும். இது பழைய விதி. 2002-ல் வந்த சி.எஸ்.பி.ஏ. (பிள்ளை நிலைப் பாதுகாப்பு) சட்டம் ஒரு சலுகை கொடுத்தது: விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து ஐ-130 மனு முடிவாகாமல் கிடந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். கழித்த பிறகு 21-க்குள் இருந்தால் தப்பித்தான்.

இதில் ஒரு வேடிக்கை. மனுவை அவர்கள் எவ்வளவு தாமதமாக அங்கீகரிக்கிறார்களோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு லாபம். சீக்கிரம் அங்கீகாரம் வந்தால் நாம் இனிப்பு கொடுப்போம், ஆனால் உள்ளுக்குள் பிள்ளையின் கணக்கில் வருடங்கள் குறைந்துகொண்டிருக்கும். அங்கீகாரத்துக்குப் பிறகு வரிசையில் நிற்கும் பதினைந்து வருடத்துக்கு எந்தக் கழிவும் இல்லை.

வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணை உண்டு. ஒன்று விசா கொடுக்கும் தேதி, இன்னொன்று விண்ணப்பிக்கலாம் என்னும் தேதி. இரண்டாவது சற்று முன்னால் ஓடும். பிப்ரவரி 14 அறிவிப்பு, சில மாதங்களில் இரண்டாவது அட்டவணையை வைத்தும் வயதை நிறுத்தலாம் என்கிறது. ஆனால் இது அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டு ஐ-485 (உள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்) போடுபவர்களுக்குத்தான். ஊரிலிருந்து தூதரகம் வழியாக வருபவர்களுக்கு வெளியுறவுத் துறை முதல் அட்டவணையைத்தான் பார்க்கும். எங்கள் வீட்டுக்கு இதில் ஒன்றும் இல்லை.

3 ஏப்ரல் 2023

எச்1பி வேலை விசாவில் வந்து கிரீன் கார்டு வாங்கி, இப்போது ஊரில் கல்யாணம் செய்யப்போகிற பையன்களுக்கு: 2019 ஜூலையிலிருந்து எஃப்2ஏ (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் மனைவி, கணவர், சிறு பிள்ளைகளுக்கான பிரிவு) வரிசையே இல்லாமல் ஓடியது. இந்த மாதப் புல்லட்டினில் வரிசை திரும்பிவிட்டது, தேதி 2020 செப்டம்பருக்கு விழுந்துவிட்டது. "கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் கூட்டிப்போய்விடுவான்" என்று பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுக்கும் பெரியவர்கள் வாயைக் கொஞ்சம் அடக்கவும்.

குடியுரிமை வாங்கினால் மனைவி வரிசையிலிருந்து வெளியே வந்துவிடுவார், உண்மை. ஆனால் ஒரு கண்ணி: எஃப்2ஏ-வில் மனைவியோடு பிள்ளைகளும் ஒரே மனுவில் இருப்பார்கள். நீங்கள் குடிமகன் ஆன நிமிடம் அந்த ஒட்டுதல் அறுந்துவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஐ-130 போட்டிருக்க வேண்டும். தெரியாமல் இருந்து, மனைவிக்கு மட்டும் நேர்காணல் வந்து, குழந்தையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

4 ஏப்ரல் 2023

எஃப்1 என்றால் மாணவர் விசாதானே, அதற்கு ஏன் எட்டு வருடக் காத்திருப்பு என்று கேட்டவருக்கு: அது வேறு எஃப்1. இது குடிமக்களின் கல்யாணமாகாத, 21 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கான எஃப்1. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது, கண்டால் சொல்லுங்கள்.

21 மே 2023

எஃப்4-ஐ எடுத்துவிடப் போகிறார்களாமே என்று மறுபடி ஒரு பார்வேர்டு சுற்றுகிறது. இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெறும் வதந்தி என்றும் தள்ள முடியாது. 2013-ல் செனட் நிறைவேற்றிய மசோதாவில் உடன்பிறந்தோர் பிரிவு நீக்கப்பட்டிருந்தது, கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. 2017-ல் வந்த ரெய்ஸ் மசோதாவும் அதையே சொன்னது, நகரவில்லை. சட்டம் மாறாதவரை வரிசை இருக்கும்.

வரிசையைக் கெடுத்தது வேறொன்று. 2020 ஏப்ரலில் வந்த அதிபர் பிரகடனம் குடும்ப விசாக்களில் பெரும்பகுதியை நிறுத்தியது, தூதரகங்களும் கொரோனாவில் மூடிக் கிடந்தன. அந்த நிதியாண்டில் செலவாகாத குடும்ப விசாக்கள் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். சட்டப்படி அவை அடுத்த ஆண்டு வேலைவாய்ப்புப் பிரிவுக்குப் போயின. 2021-ல் கம்ப்யூட்டர்காரர்கள் பலருக்குத் திடீரென்று கிரீன் கார்டு வந்து பார்ட்டி கொடுத்தார்களே, அதில் கொஞ்சம் யாரோ ஒருவரின் அக்கா தங்கையின் பங்கு. நானும் அந்தப் பார்ட்டி ஒன்றில் பிரியாணி சாப்பிட்டேன்.

12 ஆகஸ்ட் 2023

பெற்றோரைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். முதல் கேள்வியைக் கேட்டவரும் அதில் ஒருவர், அவருடைய பெற்றோர் மனு நகர்ந்துவிட்டதாம்.

கூட்டி வருவது சுலபம். இருக்க வைப்பதுதான் கஷ்டம். என் பெற்றோர் 2007-ல் கிரீன் கார்டோடு வந்தார்கள். அப்பா முதல் குளிர்காலத்திலேயே ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்தான். காலையில் நாங்கள் வேலைக்குப் போனால் மாலை வரை இரண்டு பேரும் வீட்டுக்குள். கார் ஓட்டத் தெரியாது, பேச ஆள் இல்லை. "ஜெயில்ல கூட பக்கத்து செல்லுல ஒருத்தன் இருப்பான்டா" என்றார் அப்பா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்றால், கிரீன் கார்டு என்பது இங்கே வாழ்வதற்கு, வந்து போவதற்கு அல்ல. "வருடத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும்" என்று எல்லா அசோசியேஷன் பொங்கல் விழாவிலும் ஒருவர் சொல்வார். போதாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தாலே விமான நிலையத்தில் கேள்வி வரும். ஒரு வருடத்தைத் தாண்டினால் அந்த அட்டையை வைத்து விமானம் ஏறுவதே பிரச்சினை. போவதற்கு முன்பே ரீ-என்ட்ரி பர்மிட் வாங்கினால் இரண்டு வருடம் வரை சமாளிக்கலாம். ஆனால் அதை இங்கே இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் மருத்துவம். 65 வயதுக்கு மேல், கிரீன் கார்டோடு தொடர்ந்து ஐந்து வருடம் இருந்த பிறகுதான் மெடிகேரை (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விலைக்கு வாங்க முடியும். இங்கே வேலை செய்த வரலாறு இல்லாதவருக்கு ஏ பகுதிக்கு (மருத்துவமனைச் செலவு) மட்டும் 2023-ல் மாதம் 506 டாலர், பி பகுதிக்கு (மருத்துவர் செலவு) 164.90. அதற்கு முந்தைய ஐந்து வருடம் சந்தையில் கிடைக்கும் காப்பீடுதான்.

அப்பா ஊரில் போய் இறந்தார். அம்மா அதன் பிறகு அக்காவோடு திருச்சியிலேயே தங்கிவிட்டார். கிரீன் கார்டை ஐ-407 படிவம் போட்டு முறைப்படி ஒப்படைத்துவிட்டு விசிட்டர் விசா எடுத்தோம். அப்படி ஒப்படைத்தவர்களுக்கு விசிட்டர் விசா கிடைப்பது எளிது என்று சொல்வார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது. கோடையில் வந்து, பேரப்பிள்ளைகளைப் பார்த்து, தக்காளிச் செடி வைத்து, குளிர் வருமுன் கிளம்பிவிடுவார். அதுதான் அவருக்கு ஒத்துவந்தது.

உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டீர்களா, அவர்களுக்கு என்ன வேண்டும் என்று? இரண்டு பக்கமும் "அவர்களுக்காகத்தான்" என்று நினைத்துக்கொண்டு கிரீன் கார்டு எடுக்கும் குடும்பங்கள் நிறைய.

13 ஆகஸ்ட் 2023

விசிட்டர் விசாவில் கூட்டி வந்து இங்கேயே கிரீன் கார்டு போட்டுவிடலாமா? சட்டத்தில் அந்த வழி இருக்கிறது. ஆனால் விமானம் ஏறும்போதே அந்த எண்ணம் இருந்து, அதிகாரியிடம் "சுற்றிப் பார்க்க" என்று சொல்லியிருந்தால் அது பொய். ஆயுள் முழுக்கத் தொடரும் பொய். எழுபது வயதில் அவர்களை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

26 நவம்பர் 2023

அக்காவின் கோப்பை என்.வி.சி. (தேசிய விசா மையம்) ஆவணம் கேட்டு எழுப்பியிருக்கிறது. பதினெட்டு வருடம் தூங்கிய கோப்பு.

உடன்பிறப்பு என்று நிரூபிக்க, இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் பெயர் பொருந்த வேண்டும். கேட்க எளிது. அக்காவின் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை, "பெண்" என்று மட்டும். அப்பா பெயர் அதில் வெறும் பெயர், என் சான்றிதழில் இனிஷியலோடு, அவருடைய பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரை விரித்து முன்னால் போட்டு. அம்மா பெயர் ஓரிடத்தில் "அம்மாள்" சேர்த்து, இன்னோரிடத்தில் சேர்க்காமல். அதிகாரிக்கு இது ஐந்து வேறு வேறு மனிதர்கள்.

செய்தது: பெயர் பதிவு இல்லை என்பதற்குப் பதிவாளரிடம் சான்று, அக்காவின் பள்ளி டி.சி., எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அந்தக் காலத்து ரேஷன் கார்டு நகல், பிறந்தபோது விவரம் தெரிந்த பெரியவர்கள் இருவரின் அஃபிடவிட். பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று இன்னொரு அஃபிடவிட். தமிழில் இருப்பதற்கெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் கையொப்பத்தோடு. விவரம் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே இந்த அஃபிடவிட்டை வாங்கி வையுங்கள். எங்களுக்கு ஒரு அத்தை இருந்தார், பிழைத்தோம்.

இளையவர்கள் பாஸ்போர்ட் எடுக்கும்போது சர்நேம் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். விட்டால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று வரும். எங்கள் அலுவலகத்தில் எஃப்.என்.யு. என்றே மூன்று தமிழர்கள் இருந்தார்கள். மின்னஞ்சல் தேடினால் மூவரும் வருவார்கள்.

10 மார்ச் 2024

ஏப்ரல் 1 முதல் ஐ-130 கட்டணம் 535-லிருந்து 675 டாலர். ஆன்லைனில் போட்டால் 625. மேலே 535 என்று எழுதியதைப் பார்த்து அதையே கட்டிவிடாதீர்கள், மனு அப்படியே திரும்பி வரும்.

பின்னால் வரும் செலவு: என்.வி.சி.யில் ஆளுக்கு 325, ஒரு மனுவுக்கு ஸ்பான்சர் பத்திரத்துக்கு (வருபவரைத் தாங்குவேன் என்ற உறுதிமொழி) 120. விசா வந்த பிறகு யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கு ஆளுக்கு 235. மருத்துவப் பரிசோதனை தனி.

11 மார்ச் 2024

ஸ்பான்சர் பத்திரம் என்றதும் வருமானம் எவ்வளவு வேண்டும் என்கிறார்கள். ஐ-864 என்ற அந்தப் பத்திரத்துக்கு வறுமைக் கோட்டின் 125 சதவீதம். உங்கள் வீட்டில் நாலு பேர், வருபவர்கள் இருவர் என்றால் ஆறு பேர் கணக்கு: 2024-ல் 52,450 டாலர். பற்றாவிட்டால் வேறொருவர் கூட்டு ஸ்பான்சராக நிற்கலாம், சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

கையெழுத்துப் போடும் நண்பருக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அது வெறும் சம்பிரதாயம் அல்ல. வந்தவர் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது அவர் கணக்கில் 40 காலாண்டு (பத்து வருட) வேலை சேரும்வரை, அல்லது கிரீன் கார்டை விட்டு நாட்டை விட்டே போகும்வரை, அல்லது இறக்கும்வரை பொறுப்பு ஓடும். மனைவிக்காகப் போட்டவர்களுக்கு விவாகரத்தானாலும் தீராது.

19 மே 2024

அக்காவின் தேதி வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மனு போடும்போது பையனுக்கு எட்டு, பெண்ணுக்கு நாலு. ஐ-130 அங்கீகாரம் ஆக நாலரை வருடம் பிடித்தது. அப்போது நான் திட்டிய திட்டு இருக்கிறதே. இப்போது பெண்ணுக்கு 23. நாலரையைக் கழித்தால் பதினெட்டரை. உள்ளே வரலாம். பையனுக்கு 27 ஆகிறது. கழித்தால் இருபத்திரண்டரை. வெளியே.

அதே வீடு, அதே மனு, அதே வருடக்கணக்கு. ஒருவனுக்குக் கதவு மூடிக்கொண்டது.

பழைய பிரையாரிட்டி தேதியைப் பையனுக்கு வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2014 தீர்ப்பு: முடியாது. அக்கா வந்த பிறகு அவனுக்கு எஃப்2பி-யில் (கிரீன் கார்டு வைத்திருப்பவரின் 21 தாண்டிய, கல்யாணமாகாத பிள்ளைகளுக்கான பிரிவு) புதிதாக மனு போட வேண்டும், இன்றைய தேதியிலிருந்து தொடங்கும். எட்டு வருடத்துக்குக் குறையாது. அதுவரை அவன் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் கல்யாணமான பிள்ளைக்கு மனு போட சட்டத்தில் இடமே இல்லை. தாலி ஏறிய அன்றே மனு செத்துவிடும்.

நேற்று அக்காவிடம் போனில் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவன் இல்லாம நாங்க மட்டும் வந்து என்னடா பண்றது" என்றாள். மாமா (அக்கா கணவர்) பக்கத்திலிருந்து, பெண்ணுடைய எதிர்காலத்தைப் பார்க்க வேண்டாமா என்றார். இருவரும் சொல்வது சரி.

20 மே 2024

அக்கா மட்டும் முதலில் வந்து, கணவரும் பெண்ணும் பிறகு வரலாமா? வரலாம். யார் பேரில் மனு போட்டதோ அவர், இங்கே அக்கா, முன்னால் வர வேண்டும் அல்லது சேர்ந்து வர வேண்டும். தலைகீழாக முடியாது. ஆனால் பெண்ணின் வயதை நிறுத்தி வைக்க விசா எண் கிடைத்த ஒரு வருடத்துக்குள் கட்டணமோ டி.எஸ்-260 விசா விண்ணப்பப் படிவமோ போயிருக்க வேண்டும். நாங்கள் அதை முதல் வேலையாகச் செய்தோம்.

7 ஜூலை 2024

டொரண்டோவிலிருந்து ஒருவர், "எங்களிடம் இப்படியெல்லாம் இல்லை" என்கிறார். ஆமாம், அங்கே அண்ணன் தம்பிக்குப் பிரிவே கிடையாது, சில விதிவிலக்கு தவிர. பெற்றோருக்கோ குலுக்கல், அதுவும் 2024-ல்கூட 2020-ல் பெயர் கொடுத்தவர்களுக்குள்ளேயே நடந்தது. வென்றால் இருபது வருடப் பொறுப்பு எழுதித்தர வேண்டும். ஆனால் பெற்றோருக்கான சூப்பர் விசா நல்ல ஏற்பாடு, ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். என் அம்மா மாதிரி ஆட்களுக்கு அதுதான் சரி. அதை அமெரிக்காவும் கொண்டுவந்தால் பாதி விமான நிலையச் சண்டை தீரும்.

லண்டன்காரர் புலம்பியதும் நியாயம்தான். துணையைக் கூட்டிவர 18,600 பவுண்டாக இருந்த வருமான வரம்பு இந்த ஏப்ரலில் 29,000 ஆகிவிட்டது. அவர் மகளுக்கு அந்தச் சம்பளம் இல்லை, மருமகன் ஊரில் உட்கார்ந்திருக்கிறார்.

22 செப்டம்பர் 2024

இந்தியர்களுக்கு எஃப்4 கிரீன் கார்டு நேர்காணல் மும்பையில். திருச்சிக்காரர்களுக்குச் சென்னை போதாதா என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். மருத்துவப் பரிசோதனையைச் சென்னையிலேயே முடிக்க முடிந்தது என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

அதிலும் ஒரு சுற்று. மாமாவின் நெஞ்சு எக்ஸ்ரேயில் எப்போதோ ஆறிய ஒரு தழும்பு. சளி மாதிரியை மூன்று நாள் எடுத்து, வளர்ப்புச் சோதனை முடிய எட்டு வாரம். சிறு வயதில் டி.பி. வந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த எட்டு வாரத்தை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள், நேர்காணல் தேதிக்கு ஒட்டி டெஸ்ட்டுக்குப் போகாதீர்கள்.

இதற்கு நடுவில் பெண்ணுக்கு ஒரு நல்ல வரன். இஞ்சினியர், பெங்களூர், இரு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்கிறார்கள். அமெரிக்க மண்ணில் கால் வைக்கும்வரை அவள் கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும், விசா கையில் இருந்தாலும் சரி. பதிவு செய்யாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டிவிடலாம் என்று உறவுக்காரர் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார். அது கல்யாணம்தான், மறைத்தால் மோசடிதான். பிறகு கிரீன் கார்டு மட்டுமல்ல, குடியுரிமையையும் பிடுங்கலாம். மாப்பிள்ளை வீட்டில் உள்ளதைச் சொல்லிவிடச் சொன்னேன். சொன்னார்கள். காத்திருக்கிறோம் என்றிருக்கிறார்கள், நல்ல மனிதர்கள்.

9 பிப்ரவரி 2025

வந்துவிட்டார்கள், மூவரும். நியூவர்க் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம், கேள்வி ஒன்றும் பெரிதாக இல்லை.

அக்காவுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. இந்த வயதில் வந்து என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு முன்பே தோன்றியதுதான். மனு போட்டபோது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இங்கே ஒரு பள்ளியில் சேர்ந்திருப்பாள். இப்போது மளிகைக் கடையில் கல்லாவில் நிற்கலாமா என்று கேட்கிறாள். மாமா வங்கியில் ஓய்வு பெற்றவர், பென்ஷன் ரூபாயில் வருகிறது, இங்கே டாலரில் கரைகிறது. பெண் மட்டும் வந்த மூன்றாம் நாளே ஓட்டுநர் உரிமப் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

அம்மா என்ன ஆனார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அக்கா கிளம்பியதும் அம்மா தனியாகிவிடுவார் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பெரிய கவலை. மறுபடி ஐ-130 போடலாம், ஒப்படைத்தவருக்கு மறுபடி போடத் தடை இல்லை. போடட்டுமா என்றேன். "ஒரு தடவை போதும்" என்றார். திருச்சி வீட்டில் இப்போது அம்மாவும், உள்ளே வர முடியாமல் போன பேரனும். அவனுக்கு வேலை வீட்டிலிருந்தே பார்க்கிற மாதிரி. சமையல் பழகிக்கொண்டிருக்கிறானாம், பாட்டி குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறாராம்.

16 பிப்ரவரி 2025

ஸ்பான்சர் நடுவில் இறந்துவிட்டால் என்ன ஆகும்? பதினெட்டு வருட வரிசையில் இது நடக்கிற விஷயம்தான். மனு தானாக ரத்தாகும். ஏற்கெனவே அங்கீகாரம் ஆகியிருந்தால் மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். நெருங்கிய உறவு ஒருவர் மாற்று ஸ்பான்சராக ஐ-864 போட வேண்டும். சம்பந்தப்பட்டவர் அந்த நேரத்தில் அமெரிக்காவிலேயே வசித்துக்கொண்டிருந்தால் இன்னும் வலுவான பாதுகாப்பு உண்டு. ஐம்பது வயதில் எஃப்4 போடும் அண்ணன்மார்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். விளையாட்டாகச் சொல்லவில்லை.

24 ஆகஸ்ட் 2025

2023 பிப்ரவரியில் வந்த வயதுக் கணக்குச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆகஸ்ட் 15 முதல் போடும் மனுக்களுக்கு, இங்கே இருந்து ஐ-485 போடுபவர்களுக்கும் முதல் அட்டவணைதான். அதற்கு முன்பே போட்டு நிலுவையில் இருப்பவர்களுக்குப் பழைய கணக்கு செல்லும். எச்4-ல் (எச்1பி-காரர்களின் குடும்ப விசா) இருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் இன்றைக்கே கணக்கைத் திரும்பப் போடுங்கள். மேலே நான் எழுதிய பிப்ரவரி 19 குறிப்பின் கடைசிப் பகுதியை வரலாறாகப் படிக்கவும்.

31 ஆகஸ்ட் 2025

அக்கா பையனுக்கு எஃப்2பி போட்டாயிற்றா என்று கேட்டவருக்கு: அக்கா போட்டுவிட்டாள், கிரீன் கார்டு கைக்கு வந்த வாரமே. அவனிடம் கேட்டுத்தான். "போட்டு வைங்க மாமா, ஆனா எனக்குப் பொண்ணு பார்க்கிறதை நிறுத்தாதீங்க" என்றான். எனக்கு அதில் முழுச் சம்மதம். அக்காவுக்கு இல்லை. அவள் எட்டு வருடத்தை மனதுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் சாப்பாட்டு மேசையில் இதை வைத்து எங்களுக்குள் வாக்குவாதம், மாமா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அவனுக்குக் கல்யாணம் ஆனால் அவள் ஐந்து வருடம் கழித்துக் குடியுரிமை வாங்கி எஃப்3 (குடிமக்களின் கல்யாணமான பிள்ளைகளுக்கான பிரிவு) போடலாம், அது பதினாலு வருடம் பக்கம். இதைச் சொன்னதும் இன்னும் கோபம்.

2 செப்டம்பர் 2025

முதல் கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார்: தம்பியின் மனுவுக்கு ரசீது மட்டும் வந்திருக்கிறது, அங்கீகாரம் இல்லை, துரத்தலாமா என்று. துரத்த வேண்டாம். உங்கள் தம்பி பையனுக்கு இப்போது எட்டு, ஒன்பது இருக்கும். அந்த மனு எவ்வளவு நாள் கிடக்கிறதோ கிடக்கட்டும். ஐ-797 ரசீதை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் வையுங்கள், தம்பியிடமும் ஒரு பிரதி. வீடு மாறினால் யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கும், கோப்பு என்.வி.சி.க்குப் போன பிறகு அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். விசா எண் வந்ததாக அவர்கள் அறிவித்து ஒரு வருடம் நீங்கள் அசையாமல் இருந்தால் மனுவையே மூடிவிட முடியும், அறிவிப்பு பழைய முகவரிக்குப் போயிருந்தால் அதற்குப் பிறகு கெஞ்ச வேண்டியிருக்கும். மின்னஞ்சலை அலுவலக முகவரியில் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். இருபது வருடம் ஒரே கம்பெனியில் யார் இருக்கிறார்கள்.